டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்பில் ஆல்மா போல்சன்

டைட்டானிக் என்றதும் சில பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். கோடீஸ்வரர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர், கப்பலோடு போன கேப்டன் ஸ்மித், கடைசிவரை வாசித்த இசைக்குழுவினர். அந்தக் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்வீடன் நாட்டவர்கள் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பில், பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களில் ஒருத்திதான் ஆல்மா போல்சன். வயது 29. கூட வந்தவர்கள் நான்கு பிள்ளைகள்: 8 வயது தோர்பர்க், 6 வயது பவுல், 3 வயது ஸ்டீனா, 2 வயது யோஸ்டா. சிகாகோவில் காத்திருந்த கணவர் நில்ஸிடம் போய்ச் சேர வேண்டியவர்கள். ஐவரில் ஒருவரும் போய்ச் சேரவில்லை.

ஆல்மாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரை ஒரு துயரக் காட்சியாக மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மூழ்கும் கப்பல், அழும் குழந்தைகள், தனியாக ஒரு தாய். அதோடு முடிந்தது. எனக்கு அது போதவில்லை. அந்த இரவில் அவர் ஏன் தனியாக இருந்தார், கப்பலின் எந்த மூலையில் இருந்தார், மேல்தளத்துக்கு ஏன் அவ்வளவு தாமதமாக வந்தார் என்ற ஒவ்வொரு கேள்விக்கும் விடை இருக்கிறது. பனிப்பாறை இடித்த நிமிடத்திலிருந்து தொடங்கினால் அந்த விடைகள் அகப்படாது. சில ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

போல்சன் குடும்பம் ஸ்வீடனின் தென்கோடியில் இருக்கும் ஸ்கோனே மாகாணத்தைச் சேர்ந்தது. ஊர் பியூவ் வட்டாரம். ஸ்வீடனில் நிலக்கரி கிடைத்த ஒரே பகுதி ஸ்கோனேயின் இந்த வடமேற்கு மூலைதான். பியூவ், பில்லெஸ்ஹோல்ம், ஹோகனாஸ் என்று வரிசையாகச் சுரங்க ஊர்கள். நிலக்கரிப் படுகை மெல்லியது என்பதால் தொழிலாளிகள் குனிந்தும் படுத்தும் வெட்ட வேண்டியிருந்தது. நில்ஸ் அங்கே சுரங்கத் தொழிலாளி.

1909-ஆம் ஆண்டு ஸ்வீடன் தொழிலாளர் வரலாற்றில் மறக்க முடியாத ஆண்டு. கூலிக் குறைப்பும் முதலாளிகளின் கதவடைப்பும் முற்றி, ஆகஸ்ட் 4 அன்று நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறக்குறைய 3 லட்சம் பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் கையிருப்பு கரைந்தது, தொழிற்சங்கங்கள் தோற்றன. தோல்விக்குப் பிறகு சங்கத்தை விட்டுப் போனவர்கள் பல்லாயிரம் பேர். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர்களுக்கு மறுபடி வேலை கிடைப்பதும் கடினமாயிற்று. நில்ஸ் அமெரிக்காவுக்குக் கிளம்பியது 1910-இல்.

அவர் கிளம்பியது புதிய பாதையில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன் நாட்டவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். 1910-இல் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 55 லட்சம்தான். 1860-களின் இறுதியில் வந்த பஞ்சம் முதல் பெரிய அலையைத் தள்ளியது. அப்புறம் துண்டு துண்டான நிலம், கட்டாய ராணுவச் சேவை, ஓட்டுரிமை இல்லாத ஏழைகளின் கசப்பு, தொழிற்சாலைக் கூலி என்று காரணங்கள் மாறிக்கொண்டே வந்தன. அரசுக்கே பயம் வந்துவிட்டது. 1907-இல் குஸ்தாவ் சுண்ட்பேரி என்ற புள்ளியியலாளர் தலைமையில் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்து, மக்கள் ஏன் போகிறார்கள் என்று விசாரித்தார்கள். அதே ஆண்டில் குடிபெயர்வைத் தடுப்பதற்கென்றே ஒரு தேசியச் சங்கமும் தொடங்கப்பட்டது. ஆனால் அமெரிக்காவிலிருந்து வரும் ஒரு கடிதத்துக்கு இருந்த பலம் அந்தப் பிரச்சாரத்துக்கு இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, ஸ்டாக்ஹோமுக்கு அடுத்தபடியாக ஸ்வீடன் நாட்டவர்கள் அதிகம் வாழ்ந்த நகரம் சிகாகோ. அங்கே ஸ்வீடிஷ் மொழிப் பத்திரிகை, தேவாலயம், மளிகைக் கடை, மருத்துவமனை எல்லாம் இருந்தன.

நில்ஸ் அங்கே டிராம் வண்டியில் கண்டக்டராக வேலைக்குச் சேர்ந்தார். மூச்சு முட்டும் சுரங்கத்திலிருந்து வந்தவருக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம்! முதலில் ஆண் போவது, வேலை பிடிப்பது, காசு சேர்ப்பது, பிறகு மனைவி மக்களை அழைப்பது என்பது அன்றைய குடும்பங்களின் வழக்கமான கணக்கு. எல்லோரும் ஒன்றாகப் போக ஒரே நேரத்தில் காசு இருக்காது. அதனால் ஆயிரக்கணக்கான பெண்கள் சின்னக் குழந்தைகளோடு தனியாகவே அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். ஆல்மா தனியாக இருந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். டைட்டானிக்கில் ஃபின்லாந்தைச் சேர்ந்த மரியா பனுலா என்ற தாயும் ஐந்து மகன்களோடு பென்சில்வேனியாவில் இருந்த கணவரிடம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். அந்த ஆறு பேரும் பிழைக்கவில்லை.

நில்ஸ் காசு சேர்க்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. ஆல்மாவின் பயணச்சீட்டு எண் 349909. ஐந்து பேருக்கும் சேர்த்துக் கட்டணம் 21 பவுண்டு 1 ஷில்லிங் 6 பென்ஸ். அதே கப்பலில் தனி ஆளாகப் போன பல ஸ்வீடன் நாட்டவர்கள் கொடுத்தது 7 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸ். ஏறக்குறைய அதைப்போல மூன்று மடங்கு ஒரு கண்டக்டரின் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடிக்கப்பட்டது.

பயணம் கிளம்புவதற்கும் நடைமுறைகள் இருந்தன. திருச்சபைப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிப் பாதிரியார் தரும் சான்றிதழ் வேண்டும். ஏஜென்ட் தரும் ஒப்பந்தத் தாளைத் துறைமுக ஊரில் போலீஸ் சரிபார்த்துப் பதிவு செய்யும். வடக்கிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் கோதன்பர்க் துறைமுகத்தில் ஏறி இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் இறங்குவார்கள். ஸ்கோனேக்காரர்கள் பலர் மால்மோ, கோபன்ஹேகன் வழியாகப் போனார்கள். இங்கிலாந்தில் இறங்கியதும் ரயில். அட்லாண்டிக் கப்பலைப் பார்ப்பதற்குள்ளேயே குழந்தைகள் களைத்துப் போயிருப்பார்கள்.

1912 வசந்தத்தில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர்களின் தேசிய வேலைநிறுத்தம் நடந்து ஏப்ரல் தொடக்கத்தில்தான் முடிந்தது. நிலக்கரி இல்லாமல் பல கப்பல்கள் துறைமுகத்திலேயே நின்றன. இருந்த கரியையெல்லாம் திரட்டி டைட்டானிக்குக்குக் கொடுத்தார்கள், மற்ற கப்பல்களில் பதிவு செய்திருந்த பலரை இதில் ஏற்றினார்கள். வேறு கப்பலில் போக இருந்து இதில் வந்து சேர்ந்தவர்கள் மூன்றாம் வகுப்பில் நிறைய இருந்தார்கள்.

ஏப்ரல் 10 அன்று சவுத்தாம்ப்டனிலிருந்து கப்பல் புறப்பட்டது. மூன்றாம் வகுப்பின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு நடந்தது புரியும். தனி ஆண்களுக்கு அறைகள் முன்முனையில். குடும்பங்களுக்கும் தனிப் பெண்களுக்கும் பின்முனையில், கீழ்த்தளங்களில். அன்றைய அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி, நோய் பரவாதிருக்க மூன்றாம் வகுப்பினரை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். அதற்காகத் தடுப்புகளும் கதவுகளும் இருந்தன. உயிர்ப்படகுகள் இருந்த தளமோ முதல், இரண்டாம் வகுப்பினர் உலாவும் இடம். பின்முனையிலிருந்து அங்கே போக நேரான படிக்கட்டு கிடையாது. தங்களுக்குரிய படிகளில் ஏறினால் பின்புறத் திறந்தவெளிக்கு வரலாம், அவ்வளவுதான். அதற்கு மேலே போக, வேறு வகுப்புகளின் நடைபாதைகள் வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டும். நான்கு நாள் பயணத்தில் ஒரு தடவைகூட அந்த வழியில் நடந்து பார்க்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. படகுப் பயிற்சியும் நடத்தப்படவில்லை.

ஏப்ரல் 14 இரவு 11.40-க்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அதிகாலை 2.20-க்கு மூழ்கியது. நடுவில் 2 மணி 40 நிமிடம். நேரம் நிறைய இருந்ததுபோலத் தெரியும். மூன்றாம் வகுப்புக்கு அது இருக்கவில்லை.

முன்முனையில் இருந்த ஆண்களின் அறைகளில் சீக்கிரமே தண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு பின்னால் ஓடி வந்தார்கள். பின்முனையில் இருந்த குடும்பங்களுக்கோ மோதியதே சரியாகத் தெரியவில்லை. ஜான் ஹார்ட் என்ற பணியாளர் பின்னாளில் விசாரணையில் சொன்னார்: அவர் பொறுப்பில் 58 பேர். பெண்களையும் குழந்தைகளையும் படகுத் தளத்துக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது 12.30 வாக்கில். முதல் தடவை சுமார் 30 பேரைத் தானே வழிகாட்டிக் கூட்டிப்போனார். திரும்பி வந்து இரண்டாம் தடவை சுமார் 25 பேரோடு மேலே போய்ச் சேர்ந்தபோது மணி 1.20 ஆகிவிட்டது. தண்ணீரில் முதல் படகு இறங்கியது ஏறக்குறைய 12.45-க்கு, பாதிகூட நிரம்பாமல், 28 பேரோடு. ஹார்ட்டுக்கு நான் மனதாரத் தலைவணங்குவேன். ஆனால் ஒரு மனிதர் நல்லவராக இருந்ததால் சிலர் பிழைத்தார்கள் என்றால், அவர் எட்டிப் பார்க்காத அறைகளில் இருந்தவர்கள் கதி என்ன?

மொழியையும் சேர்த்துப் பாருங்கள். பணியாளர்கள் ஆங்கிலத்தில் கத்துகிறார்கள். பயணிகள் ஸ்வீடிஷ், ஃபின்னிஷ், நார்வீஜியன், அரபு, பல்கேரியன் பேசுகிறவர்கள். அந்த இடத்தில் ஆல்மா. தூங்கிக்கொண்டிருக்கும் நான்கு குழந்தைகளை எழுப்ப வேண்டும். ஏப்ரல் மாத வட அட்லாண்டிக் குளிருக்கு உடுத்திவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடுப்பைக் கட்டிவிட வேண்டும். இரண்டு பேரைத் தூக்கிக்கொள்ள வேண்டும், மற்ற இருவர் கையை விடக்கூடாது. பின்னாளில் கண்டெடுக்கப்பட்டபோது ஆல்மாவின் கால்களில் பூட்ஸ் இருந்தது, காலுறை இல்லை. பிள்ளைகளுக்கு உடுத்திவிட்ட பிறகு தனக்கு மிஞ்சிய நேரம் அவ்வளவுதான் என்று நான் அதைப் படிக்கிறேன்.

அவர்கள் படகுத் தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதைச் சொன்னவர் ஆகஸ்ட் வென்னெர்ஸ்ட்ரோம். இவரும் ஸ்கோனேயிலிருந்து கிளம்பியவர். அச்சுத் தொழிலாளி, சோஷலிஸ்ட், மன்னரை அவமதித்ததாக வழக்கு போடப்பட்டு விடுதலையானவர். ஆல்மா பிள்ளைகளோடு வந்தபோது படகுகள் போய்விட்டிருந்தன. வென்னெர்ஸ்ட்ரோம் குழந்தைகளில் இருவரைத் தன் கைகளில் வாங்கிக்கொண்டார். கப்பல் அமிழ்ந்து தண்ணீர் தளத்தின்மேல் பாய்ந்தபோது அந்த இரண்டு குழந்தைகளும் அவர் பிடியிலிருந்து அடித்துச் செல்லப்பட்டார்கள். அவர் நீந்திப்போய், பாதி நீர் நிறைந்து மிதந்த மடிப்புப் படகு ஒன்றில் தொற்றிக்கொண்டார். அதே படகருகே ஹெல்சிங்போரியைச் சேர்ந்த லிண்டெல் தம்பதியும் இருந்தார்கள். கணவர் படகுக்குள், மனைவி தண்ணீரில். அந்தப் பெண்ணின் கையை வென்னெர்ஸ்ட்ரோம் பிடித்திருந்தார், இழுத்து ஏற்ற வலு இல்லை. கணவன், மனைவி இருவரும் இறந்தார்கள். ஒரு மாதம் கழித்து ஓஷியானிக் என்ற கப்பல் அந்தப் படகை நடுக்கடலில் கண்டபோது, அதனுள்ளே அவர்களின் திருமண மோதிரம் கிடந்தது. அது ஊரில் இருந்த அப்பெண்ணின் தகப்பனாருக்கு அனுப்பப்பட்டது. வென்னெர்ஸ்ட்ரோம் அமெரிக்காவின் இண்டியானாவில் குடியேறி 1950 வரை வாழ்ந்தார்.

சிகாகோவில் நில்ஸுக்கு நடந்ததை அன்றைய பத்திரிகைகள் எழுதின. டைட்டானிக்கை நடத்திய ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய்த் தன் குடும்பத்தின் பெயர்களைக் கேட்டார். பிழைத்தவர்கள் பட்டியலில் இல்லை. ஒருவேளை அவர்கள் கப்பலில் ஏறாமலே இருந்திருக்கலாம் என்று குமாஸ்தா ஆறுதலாகச் சொல்லிவிட்டு, ஏறியவர்கள் பட்டியலைப் புரட்டினார். அதில் ஐந்து பெயர்களும் இருந்தன. நில்ஸ் நினைவிழந்து சரிந்தார். முகத்திலும் கைகளிலும் குளிர்ந்த நீர் தெளித்து எழுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரோடு ஒரே கப்பலில் அமெரிக்கா வந்த நண்பர் ஒருவர் அவரைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துப் போனார்.

கடலில் மிதந்த உடல்களைச் சேகரிக்க கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து மெக்கே-பென்னெட் என்ற, கடலடித் தந்திக் கம்பி பதிக்கும் கப்பல் அனுப்பப்பட்டது. அது 306 உடல்களை எடுத்தது. அதில் 116 உடல்களைக் கடலிலேயே அடக்கம் செய்துவிட்டது. உடல்களைப் பதப்படுத்தும் பொருட்கள் போதவில்லை என்பது காரணம். ஆனால் யாரைக் கரைக்குக் கொண்டுபோவது, யாரைக் கடலில் விடுவது என்று முடிவெடுத்தபோது வகுப்பும் பார்க்கப்பட்டது. கடலுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பினரும் கப்பல் ஊழியர்களும்தான். ஆல்மா கரைக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் உடலின் எண் 206. பழுப்பு நிறக் கோட்டு, திருமண மோதிரம், 65 குரோனர் பணம், ஒரு கடிதம், ஒரு மவுத் ஆர்கன் ஆகியவற்றைக் குறித்து வைத்தார்கள். பயணச்சீட்டும் இருந்ததால்தான் அவர் யார் என்று தெரிந்தது. குளிரில் காத்திருந்தபோது குழந்தைகளை அமைதிப்படுத்த அவர் அந்த மவுத் ஆர்கனை வாசித்ததாக ஒரு கதை சொல்லப்படுகிறது. அது நடந்ததோ இல்லையோ, நீண்ட கடல் பயணத்துக்கு நான்கு பிள்ளைகளோடு கிளம்பிய ஒரு தாய் அதை எதற்காக எடுத்து வைத்திருப்பார் என்பது எல்லோருக்கும் புரியும்.

உடல்களுக்கு எண் கொடுத்து, உடைமைகளை அதே எண்ணிட்ட துணிப்பையில் போட்டு, தோற்றத்தை வரிவரியாக எழுதி வைக்கும் முறையை உருவாக்கியவர் ஹாலிஃபாக்ஸ் பதிவாளர் ஜான் ஹென்றி பார்ன்ஸ்டெட். 1917-இல் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து நகரமே சிதைந்தபோதும் இதே முறை கைகொடுத்தது. ஆல்மாவின் பிள்ளைகளுக்கு இந்த முறை ஒரு நீண்ட பிற்கதையைக் கொடுத்தது.

மெக்கே-பென்னெட் எடுத்த நான்காவது உடல், இரண்டு வயது மதிக்கத்தக்க ஓர் ஆண் குழந்தை. யாரும் உரிமை கோரவில்லை. அதைக் கண்டெடுத்த மாலுமிகளே செலவை ஏற்று, ஃபேர்வியூ லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து, 'பெயர் தெரியாத குழந்தை' என்று கல் நட்டார்கள். அது யோஸ்டாவாகத்தான் இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் பலரும் நம்பினார்கள். ஆல்மாவும் அதே தோட்டத்தில், அந்தக் குழந்தைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருந்ததால் அந்த நம்பிக்கை ஓர் ஆறுதலாகவும் இருந்தது.

2001-இல் அந்தக் கல்லறையைத் திறந்தார்கள். ஈரமண்ணில் மிஞ்சியிருந்தது மூன்று பற்களும் ஒரு சிறு எலும்புத் துண்டும் மட்டுமே. டிஎன்ஏ சோதனை அது யோஸ்டா இல்லை என்று சொல்லிவிட்டது. முதலில் மரியா பனுலாவின் 13 மாதக் கடைக்குட்டி எய்னோ என்று அறிவித்தார்கள். ஆனால் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு அந்த முடிவைக் குழப்பியது. 1912-இல் உடல்களின் ஆடைகளையெல்லாம் எரித்தபோது, காவலுக்கு நின்ற ஹாலிஃபாக்ஸ் போலீஸ்காரர் ஒருவருக்கு அந்தக் குழந்தையின் செருப்பைத் தீயில் போட மனம் வரவில்லை; எடுத்து வைத்துக்கொண்டார். அவர் குடும்பத்தார் அதைப் பின்னர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். 13 மாதக் குழந்தைக்கு அது மிகப் பெரிது. மறுபடி விரிவாகச் சோதித்து, அது இங்கிலாந்தைச் சேர்ந்த 19 மாத சிட்னி குட்வின் என்று 2007-இல் முடிவுக்கு வந்தார்கள். அந்தக் குழந்தையின் பெற்றோரும் ஐந்து உடன்பிறப்புகளும் அதே கப்பலில் இறந்தவர்கள். ஆக, ஆல்மாவின் நான்கு பிள்ளைகளில் ஒருவர் உடலும் அடையாளம் காணப்படவில்லை.

இனி விசாரணை. பிரிட்டிஷ் விசாரணை ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் மெர்சி பிரபு. அவருடைய அறிக்கையின் கணக்கு இது: முதல் வகுப்பில் இருந்த 144 பெண்களில் 140 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 165 பெண்களில் 76 பேர். இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 24 பேரும் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேரில் 27 பேர். 'பெண்களும் குழந்தைகளும் முதலில்' என்ற வாசகத்தைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இந்த 52 குழந்தைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களில் நான்கு பேர் ஆல்மாவின் பிள்ளைகள். கிசா ஊரிலிருந்து வினிபெக்குக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்டர்சன் குடும்பத்தின் ஐந்து பிள்ளைகள், மிச்சிகனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஸ்கூக் குடும்பத்தின் நான்கு பிள்ளைகள் என்று ஸ்வீடன் குழந்தைகள் மட்டும் எத்தனை பேர்!

மூன்றாம் வகுப்பினரிடம் பாரபட்சம் காட்டப்படவில்லை என்று மெர்சி முடிவு செய்தார். கப்பலை விட்டு இறங்க அவர்கள் தயங்கியது, மூட்டைகளைப் பிரிய மனமில்லாதது, கப்பலின் இரு கோடிகளில் இருந்த அறைகளிலிருந்து அவர்களை மேலே கொண்டுவருவதில் இருந்த சிரமம் ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னார். இதை முடிவு செய்த அந்த விசாரணையில் மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவர்கூடச் சாட்சி சொல்ல அழைக்கப்படவில்லை. அமெரிக்க செனட் விசாரணையில் மூவர் பேசினார்கள். அவர்களில் ஒருவரான நார்வேக்காரர் ஓலவுஸ் ஆபெல்செத், பின்முனையில் இருந்தவர்கள் சிலர் மேல்தளத்துக்குப் போகச் சரக்குத் தூக்கிகளின் மேல் ஏறித் தவழ்ந்ததைச் சொன்னார். இளைஞர்களால் அது முடியும். 2 வயதுக் குழந்தையைச் சுமந்தவரால் எப்படி முடியும்?

வேண்டுமென்றே யாரும் ஆல்மாவைப் பூட்டி வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை. படகுகள் 20, அவற்றில் இடம் 1,178 பேருக்கு, கப்பலில் இருந்ததோ சுமார் 2,200 பேர். யார் முதலில் மேலே வருகிறார்களோ அவர்களுக்கே இடம் என்ற நிலையில், கடைசியாக வந்து சேரும்படியான இடத்தில் ஏழைக் குடும்பங்களின் அறைகள் இருந்தன. மெர்சி சொன்ன மூன்றாவது காரணம் ஒன்றே போதும். அதைப் பயணிகளின் பலவீனங்களோடு சேர்த்துப் பட்டியலிட்டதுதான் தவறு. அது கப்பலைக் கட்டியவர்களும் நடத்தியவர்களும் செய்து வைத்த ஏற்பாடு.

1914 ஜனவரியில் லண்டனில் கையெழுத்தான கடல் பாதுகாப்பு ஒப்பந்தம், கப்பலில் இருக்கும் அத்தனை பேருக்கும் உயிர்ப்படகில் இடம் வேண்டும் என்று சொன்னது. வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைக் கண்காணிப்பும் தொடர்ந்தது. 1916-இல் ஒயிட் ஸ்டார் நிறுவனம் அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்குகளை மொத்தமாக 6,64,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. கோரப்பட்டதோ அதைப் போலப் பல மடங்கு. ஐந்து பேரைப் பறிகொடுத்த ஒரு டிராம் கண்டக்டரின் இழப்பும், காணாமல் போன மோட்டார் காருக்கும் நகைகளுக்கும் பணக்காரப் பயணிகள் கேட்ட தொகையும் அந்த ஒரே கணக்கில் அடங்கின.